மூன்றாவது ஸ்கேன்

1. "ஒன்றும் இல்லை"

கவிதா போன் செய்தபோது நான் அருப்புக்கோட்டையில் என் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"அக்கா, கம்பெனியில என் லாகின நிப்பாட்டிட்டாகக்கா. என் சிஸ்டத்துல இருந்து என்னமோ சந்தேகமான கனெக்‌ஷன் வெளிய போகுதுன்னு மெயில் வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணி ரிப்போர்ட் அனுப்பலன்னா வேற ஆளப் போட்டுருவாகளாம். இப்பவே வாரீகளா?"

அன்று சனிக்கிழமை. பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீடுகளுக்குப் போய் கணினி பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். கவிதாவின் வீடு எம்.ரெட்டியபட்டியில். ஒரு சென்னை கம்பெனிக்காக மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்து வந்தாள். கணவன் முத்துராஜ் பருத்தி விவசாயி. அந்த வருடம் மழை ஏமாற்றியதால் அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. முத்துராஜின் தங்கை மகேஸ்வரியும் அங்கே இருந்தாள். கணவனோடு ஒத்துப்போகாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. கவிதா வேலை முடித்து எழுந்த பிறகு அதே கணினியில் தையல் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் போனதும் முழு ஸ்கேன் ஓட்டினேன். ஒன்றும் இல்லை என்றது. இன்னொரு ஸ்கேனரை இறக்கி ஓட்டினேன். அது பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த, ஆபத்தில்லாத ஒரு பழைய டூல்பாரை மட்டும் காட்டியது. கம்பெனிதான் தப்பாகச் சொல்கிறதோ என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு நெட்ஸ்டாட் போட்டேன். கணினி இந்த நிமிடம் வெளியே எந்தெந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. பிரவுசரை மூடியிருந்தேன். எல்லாப் புரோகிராமையும் மூடியிருந்தேன். ஆனாலும் ஏதோ ஒரு வெளிநாட்டு முகவரியோடு ஒரு கனெக்‌ஷன் திறந்தே இருந்தது. நெட் வயரைப் பிடுங்கினேன், போய்விட்டது. மறுபடி மாட்டினேன், பத்து விநாடிக்குள் வந்துவிட்டது.

பின்னால் நின்ற முத்துராஜ் உள்ளே பார்த்துக் கத்தினான்.

"மகேசு! இங்க வா. என்னத்தத் தொட்டு வச்ச?"

அவள் ஈரக் கையோடு வந்தாள். "ப்ளவுஸ் கட்டிங்கு தவிர நான் ஒண்ணும் பாக்கலண்ணே."

"ஒண்ணும் பாக்காமத்தான் இது வந்துச்சா? வீடியோ பாத்தா வைரஸ் வருமா மேடம்?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னேன். "வரலாம் தம்பி. கண்ட லிங்கையும் அமுக்கினா வரும்."

"கேட்டியா? இவ சம்பாத்தியத்துலதான் நீயும் சாப்புடுற. அதுலயும் மண்ணப் போட்டுட்ட. இனிமே அந்த ரூமுக்குள்ள காலு வைக்காத."

மகேஸ்வரி உள்ளே போனாள். கவிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேலையைப் பார்த்தேன்.

2. நான் எழுதிய வரி

அந்தக் கனெக்‌ஷனைத் திறந்து வைத்திருந்த புரோகிராமின் பெயர் விண்டோஸின் சொந்த புரோகிராம் ஒன்றின் பெயர்தான். ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு எங்கோ, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழத்தில் ஒளிந்திருந்தது. நிறுத்தி, அழித்து, ரீஸ்டார்ட் செய்தேன். திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அதை மறுபடி உருவாக்கி எழுப்ப இன்னொரு ஃபைல் பக்கத்திலேயே இருந்தது.

என் கண்ணுக்கே தெரிவது இரண்டு ஸ்கேனிலும் ஏன் சிக்கவில்லை? ஆண்டிவைரஸின் செட்டிங்ஸைத் திறந்தேன். 'இந்த ஃபோல்டர்களைப் பார்க்க வேண்டாம்' என்று சொல்லிவைக்கும் விலக்குப் பட்டியல் ஒன்று அதில் உண்டு. அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்தப் புரோகிராம் ஒளிந்திருந்தது அந்த வரியில் இருந்த ஃபோல்டருக்குள்தான். ஃபோல்டரின் பெயரை மறுபடி படித்தேன்.

அது நான் வைத்த பெயர்.

எட்டு மாதங்களுக்கு முன் இந்தக் கணினிக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தது நான். லைசென்ஸ் வாங்காமல், லைசென்ஸ் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் ஒன்றை என் பென்டிரைவிலிருந்து போட்டு ஓட வைத்தேன். ஆண்டிவைரஸ் அதைப் பிடித்துக் கத்தும். அதனால் முதலில் அதை வைக்கும் ஃபோல்டரை விலக்கில் சேர்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரண்டாவதாக ஓட்டிய ஸ்கேனரும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பட்டியலையே மதித்திருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிய ஃபைல் உருவான தேதியைப் பார்த்தேன். நான் அங்கே வேலை செய்த அதே நாள். அன்று எனக்கு இலை போட்டுச் சோறு பரிமாறியவள் மகேஸ்வரி.

விலக்கை எடுத்துவிட்டு மூன்றாவது முறை ஸ்கேன் ஓட்டினேன். சிவப்பாக ஆறு வைரஸ் ஃபைல்களின் பெயர் வந்தது.

அந்த ஸ்கேன் ஓடிய நாற்பது நிமிடமும் என்னால் உட்காரக்கூட முடியவில்லை. வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். கவிதா கொடுத்த மோரைக் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. இப்போதே எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது. கவிதா நன்றி சொல்வாள். கடைக்குப் போய் பிரிண்டரை மாட்டலாம். அந்த யோசனை வரவில்லை என்று சொன்னால் பொய்.

அடுப்படியில் மகேஸ்வரி பாத்திரம் துலக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே பாத்திரத்தை எவ்வளவு நேரம்தான் துலக்குவாள்?

மூவரையும் கூப்பிட்டேன்.

"தம்பி, இதுல மகேஸ் மேல ஒரு தப்பும் இல்ல. இது என் பென்டிரைவுல இருந்து வந்தது. நான் போட்ட ஆக்டிவேட்டருக்குள்ள இருந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது."

முத்துராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "அப்ப நீங்களே வச்சுட்டு நீங்களே எடுக்க வாரீக. நல்ல பொழப்பு மேடம்! ஊருக்குள்ள எத்தன பேரு உங்கள நம்பிக் கூப்புடுறாக!"

கவிதா மட்டும் கேட்டாள். "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமாக்கா?"

"முடிச்சிருவேன். பேங்க், மெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் இப்பவே உன் போன்ல இருந்து மாத்து. இந்தக் கம்ப்யூட்டர்ல மாத்தாத."

ஞாயிற்றுக்கிழமை போய் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்து, லைசென்ஸ் உள்ள விண்டோஸ் போட்டேன். ரிப்போர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதி என் பெயரையும் போட்டேன். கிளம்பும்போது மகேஸ்வரி வாசல்வரை வந்தாள்.

"நேத்துப் பேசுனது தப்புன்னு அண்ணன் இன்னும் ஒரு வார்த்த சொல்லலக்கா. நீங்களாச்சும் எம் மேல தப்பில்லன்னு சொன்னீக." கதவுநிலையில் கை வைத்தாள். "ஆனா நீங்க 'வரலாம்'னு சொன்ன பெறகுதான் அண்ணன் அப்படிப் பேசுனாக."

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

திங்கள் மாலை கவிதா ஒரு வரி அனுப்பியிருந்தாள்: லாகின் வந்துவிட்டது.

3. வீடு வீடாக

கவிதாவின் வேலை தப்பியது. எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அந்தப் பென்டிரைவால் நான் விண்டோஸ் போட்டுக் கொடுத்த வீடுகளை சர்வீஸ் நோட்டிலிருந்து எடுத்து எழுதினேன். முப்பத்தொரு வீடுகள். ஒவ்வொன்றாகக் கிளம்பினேன்.

பந்தல்குடியில் ஒரு லாரி புக்கிங்காரர் சிரித்தார். "ஓடுதுல்ல மேடம், விடுங்க." கெஞ்சித்தான் அவர் கணினியைத் தொட முடிந்தது. அதிலும் இருந்தது. நரிக்குடியில் ஒரு ஆசிரியை நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, "வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன். நீங்க இனிமே வராதீங்க" என்று கதவைச் சாத்தினார். அவர் செய்தது சரி. மொத்தம் பதினோரு கணினிகளில், ஆக்டிவேட்டரின் புதுப் பதிப்பு போனவற்றில், அது இருந்தது. 'வைரஸ் வைக்கிற அம்மா' என்று என் காதுபடவே பேசினார்கள். இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு மூன்று விஷயம்தான் இருக்கிறது. ஸ்கேன் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், எங்கே பார்க்க வேண்டாம் என்று அதற்கு யார் சொல்லி வைத்தது என்று பாருங்கள். இதை யார் தொட்டது என்று வீட்டில் கேட்கும்போது உங்கள் பெயரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கற்றுக்கொள்ளலாம், கஷ்டமில்லை. மூன்றாவதுதான் கஷ்டம்: காரணம் தெரியாதபோது 'வரலாம்' என்று சொல்லாதீர்கள். 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்லுங்கள். நாம் அசட்டையாகச் சொல்லும் ஒரு சொல்லை எடுத்து, வீட்டில் யார் எளியவரோ அவர் தலையில்தான் போடுவார்கள்.

முப்பது வீடுகளைப் பார்த்து முடித்துவிட்டேன். திருச்சுழியில் இருந்த ஒரு குடும்பம் மட்டும் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டது. நோட்டில் உள்ள எண் உபயோகத்தில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். மளிகைக் கடையில் கேட்டேன். யாருக்கும் முகவரி தெரியவில்லை. மாதம் ஒரு முறையாவது அந்த எண்ணை அடித்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் இந்நேரம் யாரோ கணினியைப் போட்டுவிட்டு, நான் சரி பண்ணிக் கொடுத்ததுதானே என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.