அடுத்து எடுக்கணும்

திருவனந்தபுரத்தில் மகளின் பள்ளி விழா. மேடையேறும் முன், "அப்பா, அடுத்து எடுக்கணும், கேட்டோ" என்றாள். வீட்டில் பேசும் தமிழாகவே அதைக் கேட்டு, அடுத்த ஆட்டத்தைப் படம் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முதல் ஆட்டம் முழுக்க, தூசி புகுந்துவிடுமோ என்று பயந்து பயந்து என் கேமராவுக்கு லென்ஸ் மாற்றினேன். முடிப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அவளுக்கு ஒரே ஆட்டம்தானாம். மலையாளத்தில் 'அடுத்து' என்றால் கிட்டத்தில். தமிழில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, இங்கே படிக்கும் மகள் பேச்சே பிடிபடவில்லை.

லென்ஸ் மாற்ற முடியாத மச்சினனின் ஜூம் கேமராவைக் காலையில்தான் விளையாட்டுச் சாமான் என்று கிண்டலடித்திருந்தேன். அதில், பின்வரிசையிலிருந்தே அவள் கண்மை தெரிய எடுத்திருந்தான்.

"அத்தான், உங்க நிஜக் கேமராப் படத்தையும் காட்டுங்க."

"பேட்டரி தீந்துபோச்சு" என்றேன்.

மகள் ஆசையாகப் பொத்தானை அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது. படம் ஒன்றும் இல்லை.