வந்ததாகப் போட்ட நாட்கள்

போன வருடம் ஏப்ரல் கடைசி வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, நான் ஒருத்திதான் ஆசிரியை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் நின்றால் உள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று ஓடி வருவேன். யாரும் பேசியிருக்க மாட்டார்கள். "டீச்சர், நீங்க நடந்துக்கினே இருந்தா எனக்குக் கணக்கு மறந்து பூடுது" என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சலித்துக்கொண்டான். அவனை ஓர் அதட்டு அதட்டிவிட்டு மறுபடி நடந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். கரும்பு வெட்டப் போயிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவர்களோடு நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வர வேண்டும். டிசம்பரில் அம்மாவோடு இறங்கிப் போனவள். போன நாளிலிருந்து அவள் ஒருநாள் தவறாமல் பள்ளிக்கு வருவதாக நான் வருகை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்களைப் படுத்திய பாட்டைச் சொன்னால்தான் இது புரியும். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து போகிறவள். கச்சிராயபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலை ஏறும் பஸ், அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் நடை. பள்ளியில் முதலில் இரண்டு பேர் இருந்தோம். பிள்ளைகள் குறைவு என்று ஜூலையில் இன்னொரு ஆசிரியரைக் கீழே ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஐப்பசி மழையில் சாலை சரிந்து பத்து நாள் பஸ் ஏறவில்லை. மழை விட்டதும் காய்ச்சல் வந்தது, பிள்ளைகளுக்கு மாறி மாறி வந்து கடைசியில் எனக்கும் வந்தது. போதாதற்கு ஒரு பேச்சு கிளம்பியது. இன்னும் ஒரு பிள்ளை குறைந்தால்கூட பள்ளியை மூடிவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓடையில் தண்ணீர் வந்தால் சின்னப் பிள்ளைகள் தாண்ட முடியாது, வீட்டிலேயே நின்றுவிடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சாமை அறுப்பு முடிந்ததும் மலையிலிருந்து ஆட்கள் கரும்பு வெட்ட இறங்குவது வழக்கம்தான். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அப்படி விட ஆள் இல்லை. கணவர் இல்லை, கூடப்பிறந்தவர்களும் அதே லாரியில் ஏறினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், பேரை மட்டும் எடுத்துடாதீங்க. பொங்கல் கழிச்சி வந்துடுவோம்" என்றார். சரி என்றேன். பொங்கல் வந்தது, போனது. அவர்கள் வரவில்லை.

வருகையைச் செல்பேசியில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து வரவில்லை என்று போட்டால் பள்ளிக் கணக்கில் ஒரு பிள்ளை குறைந்துவிடும். பள்ளிக்குள் டவர் கிடைக்காது. பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தினமும் காலையில் அதில் ஏறி ஒரு பொய்யை அனுப்பிவிட்டு இறங்குவேன். முதல் நாள் கை கூசியது. ஒரு வாரத்தில் கூச்சம் போய்விட்டது. சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. "டீச்சர், இன்னிக்கும் ஒரு முட்டை ஜாஸ்தி கீது" என்பார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "யாருக்காவது போடுங்க" என்பேன். மாசியில் ஓர் அதிகாரி வந்தார். மலைப் பள்ளியில் இவ்வளவு நல்ல வருகையா என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது, இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் நெருங்கியதும்தான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் நாலு மாதப் பாடத்தை விட்டிருக்கிறாள். ஆனால் என் பதிவேட்டின்படி அவள் முழு வருடமும் வந்து படித்தவள். அப்படியே ஐந்தாம் வகுப்புக்கு ஏறிவிடுவாள். வராத பிள்ளை என்றிருந்தால் யாராவது தேடியிருப்பார்கள், பின்தங்கிய பிள்ளை என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்திருப்பார்கள். வந்த பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு முறை போய்விட்டேன்.

கடைசி வேலை நாளில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக இருப்பவர் ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். "இந்த வருஷம் நம்மள உண்டு இல்லனு பண்ணிடுச்சி. ஆளுக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்க, டீச்சர் எழுதிக்குவாங்க" என்றார். ஒருவர் சாலையைச் சொன்னார், ஒருவர் காய்ச்சலைச் சொன்னார். எல்லாம் சுற்றி வந்து ஒரே இடத்தில் நின்றது. "இன்னா ஆனாலும் ஸ்கூல வுட்டுக் கொடுக்கல. ஒத்த ஆளா டீச்சர் காப்பாத்திட்டாங்க" என்றார் தலைவி. கை தட்டினார்கள். நான் தீர்மான நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். முதல் நாள் சாயங்காலம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பெண் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். முழங்கைவரை கரும்புத் தோகை கிழித்த கோடுகள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதிலுக்குச் சிரிக்க என்னால் முடியவில்லை.

"நீயும் சொல்லும்மே" என்றார் தலைவி. அவள் அம்மா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவர், என்னைப் பார்த்தே பேசினார்.

"நாங்க ரிஷிவந்தியம் பக்கம் தங்கி வெட்டிக்கினு இருந்தோம். கொட்டாய்க்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூலு. இது தெனமும் கேக்கும், எம்மா என்னை அதுல வுடுன்னு. தை மாசம் கூட்டிக்கினு போனேன். அந்த சாரு நல்லவருதான். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, உம்பொண்ணு மலையிலதான படிக்குது, நேத்திக்கிகூட போயிருக்குதே, ஒரு புள்ளைய ரெண்டு ஸ்கூல்ல எப்படிம்மா சேக்கறதுன்னாரு. எனக்கு ஒருபக்கம் சந்தோசமாத்தான் இருந்திச்சி. பேரை எடுக்காதீங்கன்னு சொன்னேன், எங்க டீச்சர் எடுக்காம வெச்சிக்கினு கீறாங்கன்னு. ஆனா இந்தப் பொண்ணு கேக்கல. நாங்க வெட்டப் போனதும் அந்த ஸ்கூல் கேட்டாண்ட போய் நின்னுக்கினு பாடம் கேக்கும். பெல் அடிச்சா வந்துடும். அவ்ளோதாங்க."

நன்றி சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம், நாலு பேர் முன்னால் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"பேரை எடுக்காமல் விட்டது மட்டும் இல்லை" என்றேன். "தினமும் வந்ததாகப் போட்டேன். வரவில்லை என்று போட்டிருந்தால் அவர்கள் அங்கே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயந்து செய்தேன். தப்பு என்னுடையது. இதை நோட்டில் எழுதப் போகிறேன்."

தலைவி பதறிப்போனார். "டீச்சர், அத எழுதாதீங்க. இவ்ளோ பாடு பட்டு இன்னா பிரயோஜனம்? இது ஒன்னும் தெரியாத சேதியா? எங்க எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு அது புதுச் செய்தி. சமையல் அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா நின்றபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எல்லாருக்குமா?" என்றார். "உங்க புள்ளைங்க உள்ள குந்தறதுக்கு எம்புள்ளைய வெளிய நிக்க வெச்சிட்டீங்க" என்றார். கத்தவில்லை. கத்தத் தெரியாதவர் அல்லர், மலைச்சரிவில் நின்று அவர் மாட்டைக் கூப்பிட்டால் பள்ளிவரை கேட்கும். மகளைக்கூட அழைக்காமல் வெளியே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

நான் எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்து எழுத வேண்டியிருந்தது. அந்த வரிக்குக் கீழே தலைவி கையெழுத்துப் போடவில்லை. "எம்புள்ள ஒன்னாவது படிக்குது டீச்சர். ஓடைய எப்படித் தாண்டும்?" என்று மட்டும் கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நானும் நாலு மாதத்தை ஓட்டியிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கலைந்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் போகவில்லை. என் மேசைமேல் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். அன்றைக்கு அவளை நான் தடுக்கவில்லை. விரல் வைத்துத் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். வந்த நாட்களுக்குப் போடும் சாய்கோடுகள் அந்த வரிசையில் விடாமல் ஓடின. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு கோடும் குறையவில்லை.

"இந்த நாளெல்லாம் நான் வந்தேனா டீச்சர்?"

"வந்ததாகப் போட்டிருக்கிறேன்."

"எனக்கு இன்னா பாடம் நடத்துனீங்க?"

ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று அப்போதும் ஒரு நொடி யோசித்தேன். பிறகு, "ஒன்றும் நடத்தவில்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒன்னுமேவா டீச்சர்?"