மணி அடித்தால்தான் டீ

சவுரியப்பன் அண்ணன் ஆள் குள்ளம். அவர் அடிக்கிற மாதா கோவில் மணி பெரியது. கயிற்றை அவர் இழுத்தால், அடுத்த நொடி மணி அவரை இழுக்கும். இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பி இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் பூசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். மணி அடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது.

இண்டூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் குழாயடியில் நின்றுகொண்டே அந்த வீட்டில் நடப்பதெல்லாம் என் கண்ணில் பட்டுவிடும்.

அண்ணன் அரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். தண்ணீர் இல்லாமல்கூட இருந்துவிடுவார், டீ இல்லாமல் இருக்க மாட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை நிறுத்தினால் அவர் டீயை நிறுத்துவார். "கறியை வுடறதுல என்னா இருக்குது? எப்பவோ ஒருநாள் திங்கறது. வுட்டா வலிக்கணும், அதுதான் தவசு" என்பார்.

அந்த டீ திரும்ப வருவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்தி வரும் பெரிய வியாழக்கிழமை பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது அடிப்பதுதான் மணிக்குக் கடைசி. பிறகு அது பேசாது, மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். ஈஸ்டர் இரவு உயிர்ப்புப் பூசையில் மறுபடி 'உன்னதங்களிலே' தொடங்கும்போது எல்லா மணியும் சேர்ந்து அடிக்கும். அண்ணன் அடித்து முடித்துக் கயிற்றை விடுவார். மணிக்கூண்டுக்குக் கீழே சகாயராணி அண்ணி பிளாஸ்க்கோடு நிற்பார். வருடா வருடம் இப்படித்தான்.

ஊரடங்கு வந்த வருடம் டீயை விட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் நிர்மலா மாசமாக இருந்தாள். அதற்கு முந்தின வருடம் ஒன்று வயிற்றிலேயே போய்விட்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோவில் படியில் நின்று அண்ணன் சொன்னார்: "எம் பொண்ணுக்கு இந்தத் தடவ நல்லபடியா ஆவணும். நம்ம மணி அடிக்கற வரைக்கும் டீயத் தொட மாட்டன்."

அடுத்த மாதமே கோவில் கேட்டில் பூட்டு விழுந்தது. பங்குச்சாமியார் ஃபோன் செய்து, "மணி அடிச்சா ஜனம் கூடிடும். யாரும் உள்ளே போகாதீங்க, கயித்தைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

பூசை ஃபோனுக்கு வந்தது. தக்காளிக் கிரேடைக் கவிழ்த்து, வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தார் அண்ணன். அண்ணி முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவார். ஒருநாள் எல்லாரும் முழந்தாளிடும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. திரையில் சாமியார் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். அண்ணனும் எழவில்லை.

"ஏங்க, அது வராதுங்க. எழுந்திருங்க, முட்டி போயிடும்."

"சாமி இன்னும் கைய எறக்கல பாரு."

உயிர்ப்புப் பூசையில் ஃபோனுக்குள் மணி அடித்தது. அண்ணி டம்ளரை நீட்டினார்.

"ஃபோன்ல மணி அடிச்சா ஃபோன்லயே டீயும் குடிச்சிக்கலாம். இது நம்ம மணி இல்ல" என்றார் அண்ணன்.

அண்ணி சாமியாருக்கே ஃபோன் போட்டுக் கொடுத்தார். "சவுரி, ஆண்டவர் உயிர்த்துட்டாரு. நீ டீ குடிப்பா" என்றார் அவர். "சரிங்க சாமி" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு, டம்ளரைச் சுவருக்கு மேல் என்னிடம் நீட்டினார் அண்ணன். "இந்தாம்மா, நீ குடி." அண்ணி விடாமல் தினமும் டீ போட்டு நீட்டிப் பார்த்தார். அவர் டீயெல்லாம் நான்தான் குடித்தேன்.

அது வெறும் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அண்ணி சண்டை போட்டபோது அவர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "பாஸ் இல்லாம அவகிட்ட போவ முடியல. போயி பக்கத்துல நிக்க முடியல. எங் கையால ஆவறது இது ஒண்ணுதான் ராணி. இதையும் வுட்டுட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. பூசை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று சாமியார் முகம் மறைந்து, மருமகன் அமல்தாஸ் பெயர் வந்தது. அண்ணன் கட் செய்தார். மறுபடி வந்தது, மறுபடி கட்.

"யாருங்க அது?"

"மாப்ள. பூச நேரத்துல கூப்புடறாரு, வெவரம் இல்லாம."

"ஐயோ, ஓசூர்ல இருந்தா! குடுங்க இங்க!" அண்ணி பாய்ந்ததில் கிரேடு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். ஃபோனைக் காதில் வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொண்ணுங்க. பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அண்ணன் முழந்தாளில் இருந்தவர்தான், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

அண்ணி உள்ளே ஓடி டீயோடு வந்தார். அண்ணன் டம்ளரைப் பார்த்தார், அப்புறம் கோவில் பக்கம் பார்த்தார். "பொறந்துடுச்சு, சரி. மணி இன்னும் அடிக்கலயே."

அண்ணிக்கு வந்ததே கோபம்! டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கத்தினார். "எம் பேத்தி பொறந்துட்டா! யாரார் வூட்டுல மணி இருக்குதோ, அவங்கவங்க வாசல்ல நின்னு அடிங்க! இந்த மனுசன் டீ குடிக்கட்டும்!"

எதிர்வீட்டுத் தீர்த்தம்மாள் பூசை மணியோடு வந்தார். "ஏ ராணி, இது எங்க முருகன் மணி. உங்க சாமிக்கு ஆவுமா?"

"ஆவும் ஆவும், அடிக்கா!"

கோவிந்தம்மாள் மாட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தார். பிலவேந்திரன் சைக்கிளைத் தள்ளி வந்து பெல்லை அடித்தார். எங்கள் வீட்டில் மணி இல்லை. நான் வாசலுக்குப் போகாமல் சொம்பைக் கரண்டியால் தட்டினேன். தெருவே அதிர்ந்தது. நாய்கள் ஓடின.

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "நிறுத்துங்கப்பா! தீ புடிச்சாப்புல அடிக்கறீங்களே! 'உன்னதங்களிலே'க்கு இப்டியா அடிப்பாங்க? குடுங்க இங்க!"

கோவிந்தம்மாள் மாட்டு மணியைச் சுவர்மேல் வைத்ததும் அண்ணன் அதை வெடுக்கென்று எடுத்தார். முதலில் நிதானமாக அடித்தார், பிறகு வேகம் கூட்டினார். கயிறும் இல்லை, கூண்டும் இல்லை. ஆனாலும் அவருடைய இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்கின. தெரு முழுக்க அமைதியாகப் பார்த்தது. முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

அண்ணி டம்ளரோடு முன்னால் நின்றார். "அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு" என்றவர் கையிலிருந்ததைப் பார்த்து விழித்தார். "இது... மாட்டு மணி."

"நம்ம தெரு மாட்டு மணிதான? அடிச்சது யாரு? நீங்கதான?"

அண்ணன் மணியையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாடு ஒண்ணும் சொல்லாது, குடிங்க!" என்றார் கோவிந்தம்மாள். தெரு சிரித்தது.

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுருங்கியது. "ராணி, சக்கரயே இல்ல!"

சந்தோஷத்தில் அண்ணி சர்க்கரை போட மறந்துவிட்டார். ஆனாலும் அண்ணன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டு நீட்டினார். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கி உனக்குக் கெடையாதும்மா."