கொடிக்காலுக்குள் ஒளிந்த இளவரசி

ஆறு வயது முடியும்வரை நான் இளவரசியாக இருந்தேன். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். அலுவலக நண்பர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார்கள். நடந்தது என்னவோ அதுதான்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளின் முதல் முடியைக் குலதெய்வத்துக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு தாய்மாமன். அவரும் துபாயில் இருந்தார். "அடுத்த வைகாசிக்குக் கட்டாயம் வாரேன்" என்று ஒவ்வொரு வருடமும் போனில் சொல்வார். ஒவ்வொரு வைகாசியிலும் அவருடைய முதலாளி லீவு தர மாட்டார். தான் லீவு மறுப்பதால் மதுரைப் பக்கம் ஒரு பையனுக்குச் சடை வளர்கிறது என்று அந்த முதலாளிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முடி முதுகைத் தாண்டி இறங்கிவிட்டது. அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட முடி என்றால் எங்கள் ஊரில் ஹெட்மாஸ்டர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

அவனியாபுரத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். பெரியப்பாவின் மகள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அக்கா என்று சொல்வது அவளைத்தான். டைஃபாய்டு வந்து பிழைத்ததற்காக முந்தின வருடம் அவளுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். முடி வளர்ந்து காதைத் தொட்டுக்கொண்டிருந்தது, கிராப் வெட்டிய பையன் மாதிரி இருப்பாள். அவளிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது என்பதால் நின்றபடியே மிதிப்பாள். பெரியம்மா வாசலில் நின்று கத்துவார். அவர் கத்தி முடிப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

வர முடியாத மனக்குறையாலோ என்னவோ, ஊருக்கு வரும் ஆட்களிடமெல்லாம் மாமா எனக்கு ஏதாவது கொடுத்துவிடுவார். ஒருமுறை மிட்டாய் டப்பாவோடு ஒரு கட்டு சிடி வந்தது. எல்லாம் பொம்மைப் படங்கள், எல்லாவற்றிலும் இளவரசிகள். பேச்சு இங்கிலீஷில் இருந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அதனால் பார்த்ததை வைத்து நாங்களாகவே சட்டதிட்டங்களைக் கண்டுபிடித்துக்கொண்டோம். இளவரசிக்கு நீள முடி, உள்ளங்கை அகலத்துக்குக் கண். அவள் உயரமான இடத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். அழுது அலுத்தால் பாட வேண்டும். இளவரசனுக்குக் கட்டை முடி. அவன் குதிரையில் வந்து பூதத்தை அடித்துப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த சிடியைப் போட்டாலும் இதே கதைதான்.

பெண் என்றால் காத்திருப்பவள், ஆண் என்றால் வந்து காப்பாற்றுகிறவன் என்று அந்தப் படங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். சரியாகத்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பாடம் கொஞ்சம் பிசகிவிட்டது. யார் உட்கார்ந்து அழ வேண்டும், யார் குதிரையில் வர வேண்டும் என்பதைத் தலைமுடிதான் முடிவு செய்கிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். வீட்டில் நீள முடி எனக்கு, கட்டை முடி அக்காவுக்கு. ஆகவே வாக்குவாதத்துக்கே இடமில்லை.

அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு நான் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து வீட்டு வான்கோழிதான் பூதம். அது கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு படிக்குக் கீழே வந்து நிற்கும்போது, நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எனக்கு அழுகை வரும். தெருவிலிருந்து சைக்கிள் மணி கேட்கும். "ஏ புள்ள, அழுகாத. இந்தா வாரேன்" என்று இளவரசன் மதுரைத் தமிழில் குரல் கொடுப்பான். சுவரேறிக் குதித்து, விளக்குமாற்றைச் சுழற்றி, வான்கோழியை அதன் வீட்டு வாசல்வரை விரட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள்.

நான் பயந்தாங்கொள்ளிப் பிள்ளை. வான்கோழிக்குப் பயம், மிக்ஸி சத்தத்துக்குப் பயம், பக்கத்துத் தெருப் பையன்களைக் கண்டால் அதைவிடப் பயம். "ஆம்பளப் புள்ள இம்புட்டுப் பயந்தா எப்படிடா" என்று கேட்காத ஆள் கிடையாது. இளவரசியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவளுக்குப் பயப்படுவதுதான் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை நான் மனசாரச் செய்தேன். அவ்வளவு நிம்மதியான வேலை எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த முதலாளி மனம் இரங்கிவிட்டார். மாமா வந்து இறங்கினார். வந்ததும் என்னைத் தூக்கி, சடையை எடைபோடுவது போலக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமையோட இதுக்கு விடுதலை. இனிமே நீ ஆம்பளப் புள்ள, மாப்ள. மொட்டை விழுந்ததும் ஒன்னைய சைக்கிள்ல ஏத்திப் பழக்குறேன்" என்றார். வீடே சிரித்தது. நான் சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மொட்டை விழுந்தால் நான் இளவரசன் ஆகிவிடுவேன். சுவரேற வேண்டும். வான்கோழியை நான்தான் அடிக்க வேண்டும்.

மொட்டைக்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். முடி இறக்குவதற்கு முன்னால் பையனுக்குப் பெண் வேடம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். பட்டுப் பாவாடை, கனகாம்பரம் வைத்துத் தைத்த சடை. சடையும் படத்தில் விழ வேண்டும் என்று எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். பெரியம்மா மட்டும் தன் மகளின் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஒனக்கும் சடை பின்ற அளவுக்கு வளரட்டும், அப்புறம் பாரு" என்றார். அக்கா ஸ்டுடியோக்காரரின் குடையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

குலதெய்வக் கோயில் சோழவந்தானுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. வேன் பிடித்துச் சமயநல்லூர் வழியாகப் போனோம். ஒரு பக்கம் பொங்கல் பொங்கியது, இன்னொரு பக்கம் மைக்செட்காரர் ஒலிபெருக்கியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா புது வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். முடி எடுப்பவர் செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து என் தலையை நனைத்தார். தண்ணீர் கழுத்தில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்தேன். அக்காவைப் பார்த்து அழுதேன்.

அவள் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மாமாவிடம் வந்து, "தம்பிக்கு ஒண்ணுக்கு வருதாம்" என்றாள். புது வேட்டியை நினைத்து மாமா என்னை உடனே இறக்கிவிட்டார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, வரப்பில் ஓடி, எதிரே இருந்த வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்துவிட்டோம்.

வெயில் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏறி, மேலே பார்த்தால் வானமே பச்சையாக இருந்தது. கொடி வரிசைகளுக்கு நடுவே வெட்டிய சிறு வாய்க்காலில் தண்ணீர் நின்றது. நாங்கள் உள்ளே தள்ளிப் போய் மண்ணில் குந்திக்கொண்டோம். ஈரத் தலையோடு எனக்கு உடம்பு நடுங்கியது. அக்கா தன் பாவாடையால் என் தலையைத் துவட்டினாள்.

"இப்ப என்னக்கா செய்யணும்?" என்று கேட்டேன்.

"தெரியலடா. படம் இதோட முடிஞ்சிரும்" என்றாள்.

நான் என் கவலையைச் சொன்னேன். மொட்டை போட்டால் நான்தானே இளவரசன், வான்கோழியை என்னால் எப்படி அடிக்க முடியும் என்று கேட்டு அழுதேன். அவள் தன் பின்கழுத்தைத் தடவி, அங்கே முடி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று விரலால் பார்த்துக்கொண்டாள். "அழுகாத" என்று மட்டும் சொன்னாள்.

எங்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நாங்கள். ஆனாலும் வரப்பில் நின்று செருப்பைக் கழற்றி, இரண்டு ஜோடியையும் வரிசையாக வைத்துவிட்டுத்தான் ஒளிந்திருந்தோம். மாமா அந்தச் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோயிலுக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் பெரியம்மா நடுமண்டையில் ஒரு கொட்டு வைத்தார். "அவன் சின்னப் பய. பொட்டப் புள்ள, ஒனக்கு எங்கடி போச்சு புத்தி?" ஓடியது இரண்டு பேரும்தான். ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்போது நானும்தான்.

மாமா மறுபடி சம்மணம் போட்டார். நான் மறுபடி அழத் தொடங்கினேன். அப்போதுதான் அக்கா பூசாரிக்கு முன்னால் போய் நின்று, "எனக்கும் முடி எடுக்கணும்" என்றாள்.

பெரியம்மா சிரித்தார். "ஏன்டி, ஒனக்குத்தான் போன வருசமே எடுத்தாச்சே."

"தம்பி எடுக்கும்போது நானும் எடுத்துக்கிறேன்னு சாமிகிட்ட நேந்துக்கிட்டேன்."

"எப்ப நேந்துக்கிட்ட?"

"இப்பத்தான். கொடிக்காலுக்குள்ள."

பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், எல்லோரும் சேர்ந்து பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி குனிந்து, "நெசமாவாத்தா?" என்று கேட்டார். அவள் கண்ணை விலக்காமல் ஆமாம் என்றாள். அவர் நிமிர்ந்து, "வாய்விட்டுச் சொல்லிருச்சு. இனி நம்ம கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வருடமாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. ஆனால் சாமி சொத்து என்றான பிறகு யார் என்ன பேச முடியும்?

நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் நேர்ந்துகொண்டது என் காதில் விழவில்லை. மனசுக்குள் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு முதல் முடி ஏற்கெனவே ஆகிவிட்டதால் யார் மடியும் தேவைப்படவில்லை. எனக்கு முன்னால், தரையில், தனியாக உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தாள். கத்தி ஏறி இறங்குவதை நான் மாமா மடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் சடை விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளோடு வேன் திரும்பியது. எனக்காக அவள் முடியைக் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். மீதிக் கலரை அவளிடம் நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே வந்தாள்.

இரண்டு பேரும் மொட்டையான பிறகு இளவரசி என்று யாரும் இல்லை. மாடிப்படியில் யாரும் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நான் அவனியாபுரத்தைச் சுற்றினேன். வான்கோழியை இரண்டு பேரும் சேர்ந்தே விரட்டினோம். அவள் விளக்குமாற்றோடு முன்னால், நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். பயப்படுகிற பிள்ளையும் கூட ஓடலாம் என்று எனக்குக் காட்டியது அவள்தான். அப்பா ஆன பிறகும், அதிகாரி ஆன பிறகும் எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான்கு பேர் முன்னால் கூசாமல் சொல்ல முடிகிறது என்றால், அது அவள் போட்ட பிச்சை.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவளுக்கு இடுப்புவரை முடி. அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் டிவியில் ஏதோ இளவரசிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்து இளவரசி தானே வாளைத் தூக்கிக்கொண்டு குதிரையில் போகிறாள். நான் அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஒங்கம்மா எனக்காகச் சாமிகிட்ட நேந்துக்கிட்டு மொட்டை போட்டா" என்று முடித்தேன்.

அடுப்படியிலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஒனக்காகன்னு யாருடா சொன்னா?" கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் எங்க நேந்தேன்? முடி சடைக்கு எட்டிருச்சுன்னா சைக்கிளத் தம்பிக்குக் குடுத்துரணும், தெருவுக்கு எறங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருச்சு. எனக்கு வேற வழி தெரியல. இன்னும் ஒரு வருசம் கெடைக்கும்ல."

சொல்லிவிட்டுத் தாளிப்பு கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள். பெண்கள் மறுபடி படத்துக்குத் திரும்பினார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நன்றி கொஞ்சமும் குறையவில்லை, கூடித்தான் போனது. அன்று கொடிக்காலுக்குள் காப்பாற்ற ஆள் தேடி ஒளிந்திருந்தது இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைதான் என்று நான் நினைத்திருந்தேன்.