இயந்திரத்துக்குப் பரீட்சை வைக்கும் ஹவில்தார்

மொட்டைமாடிப் படிகளை ஐந்தாவது தடவையாக ஓடி ஏறி, மூச்சு இறைக்க இறைக்கத்தான் ஜெயச்சந்திரன் ஹெட்போனை மாட்டுகிறார். "மூணு பேருக்கு அடி. ஒருத்தனுக்கு வயித்தில குண்டு. தெக்கே, ஓடைப் பக்கம்." கணினியிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்கிறது: "புரிந்தது. மேற்கே மூன்று பேர்."

அவர் தாளில் பூஜ்யம் போடுகிறார்.

அதியன்னூர்க்காரர். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் வயர்லெஸ் பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். களத்தில் அடிபட்ட சிப்பாய் தாய்மொழியில் பேசினாலும் விவரம் கேட்டு வாங்கி, மீட்புக் குழுவுக்குச் சொல்லும் இயந்திரம் ஒன்றை ஒரு கம்பெனி செய்துவருகிறது. அதோடு பேசிப் பார்த்து மதிப்பெண் போடுவது இப்போது இவர் வேலை. மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி பேசுகிறார்கள். இவர் ஓடிவிட்டுப் பேசுகிறார். குப்புறப் படுத்து, துணியைக் கடித்துக்கொண்டு பேசுகிறார். மனைவி விஜயம்மா முதல் நாள் பயந்து பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாள். இப்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இவரைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று கம்பெனிப் பொறியாளர் ஆதிரா போனில் அழைத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு சரியாக வருகிறது, சாரின் தாள்கள்தான் சராசரியை இழுக்கின்றன, சாதாரணமாகப் பேசலாமே என்றாள்.

"தப்பாக் கேக்கது குத்தமில்ல மக்கா. கேக்காததக் கேட்டேன்னு சொல்லுது பாரு, அதாக்கும் குத்தம். ஒருக்க திருப்பிக் கேக்கப்பிடாதா?" என்றார் இவர்.

பிறகு பிபினைப் பற்றிச் சொன்னார். இவர் ஊருக்குப் பக்கத்துப் பொழியூர்க்காரன், இருபத்துமூன்று வயது, இவருடைய படைப்பிரிவு. மலையில் அடிபட்டு, வலியில் இந்தி மறந்து, ஊர்ப்பேச்சில் வயர்லெஸ்ஸில் இடம் சொன்னான். அவன் தெக்கே என்றது இவர் காதில் மேக்கே என்று விழுந்தது. சந்தேகம் இருந்தது. அதிகாரி பக்கத்தில் நின்றதால், திருப்பிக் கேட்காமல், தெளிவாகக் காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சர் மேற்கே போனது. அலைந்துவிட்டுத் தெற்கே போனபோது பிபின் விறைத்துக் கிடந்தான்.

"இந்த மெஷினும் என்னப் போலயாக்கும்," என்றார்.

ஆதிரா மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. இயந்திரம் தேறிவிட்டது. இவருடைய நாற்பது தாள்களும் நீக்கப்பட்டிருந்தன. காரணம் என்ற இடத்தில் 'தெளிவற்ற குரல்' என்று அச்சாகியிருந்தது. ஜெயச்சந்திரன் கையெழுத்துப் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அந்த இரண்டு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே எழுதினார்: 'அடிபட்டவன் குரல்.'