கப்பல் பட்டறை பார்க்க வந்த மாமா

என் தங்கச்சியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க நாகூர்ப் பக்கமிருந்து தூரத்து மாமா ஒருவர் ரங்கூனுக்கு வந்தார். வந்த கையோடு, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலுள்ள பழைய கப்பல் பட்டறையையும் பார்த்தே ஆக வேண்டும் என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய வாப்பா அங்கே வேலை பார்த்தவராம். அதைச் சொல்லும்போதே மாமாவின் நெஞ்சு விரியும்.

தங்கச்சிக்கோ மாப்பிள்ளையின் போட்டோ பிடித்துப்போய்விட்டது. தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள், வெட்கங்கெட்டவள். அவள் தமிழில் பாதி பர்மியம் என்பதால், மாமா முன்னால் வாயே திறக்கக் கூடாது என்று மிரட்டித்தான் உம்மா எங்கள் இருவரையும் அவரோடு அனுப்பினார்.

ஆற்றைக் கடந்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் இடுப்பொடியப் போய்ச் சேர்ந்தோம். காவலாளி உள்ளே விடவில்லை. வேலி வழியாகப் பார்த்தால், கப்பலை ஆற்றில் இறக்கும் தண்டவாளம் துருப்பிடித்து, சேற்றுக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. முட்டுக்கொடுத்து நிறுத்திய படகின் நிழலில் நாய் தூங்கியது.

“இதுக்கா எங்க வாப்பா ஆயுசு பூரா அப்படி அளந்தாஹ?” என்றார் மாமா. முகம் தொங்கிப்போனது. இந்த முகத்தோடு வீடு திரும்பினால் சம்பந்தம் அம்போதான்.

எதிரேயிருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மாமா கூப்பிட்டார், கை தட்டினார், ஒருவரும் திரும்பவில்லை. பொறுமையிழந்த தங்கச்சி உதட்டைக் குவித்து, காற்றில் சத்தமாக இரண்டு முத்தம் கொடுத்தாள். இந்த ஊர் டீக்கடையில் ஆளை அப்படித்தான் கூப்பிடுவது. பரிமாறுகிறவர் உடனே வந்து நின்றார்.

மாமாவின் கண் பிதுங்கியது. உம்மா சொன்னபடி இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால்கூடத் தேவலாம். செய்தது உறைத்ததும் அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

டீ வந்தது. மாமா வேலிக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு குடித்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாப்பா நம்மூரு டீக்கடையில இதச் செஞ்சு அடி வாங்கிருக்காஹ. பர்மாவுல இதான் பழக்கம்னு சொன்னாஹ. நாங்க யாரும் நம்பல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியிடம் திரும்பினார். “அங்க வந்து மட்டும் இதச் செஞ்சிராத, புள்ள.”

மாமாவின் ஊர்த் தமிழ் பிடிபடாமல், என்ன சொன்னார் என்று அவள் பர்மியத்தில் என்னைக் கேட்டாள். ‘அங்க வந்து’ என்பதை மட்டும் சொன்னேன்.