குளிர்ச்சிக்காக அடைத்த கார்

வாடகைக் கார் வைத்திருக்கிற வீட்டில் ஓட்டுகிறவருடைய வேலை ரோட்டோடு முடிந்துவிடும். ஏறி இறங்கியவர்களின் ஏச்சை வாங்கி வைக்கிற வேலை அவர் பெண்டாட்டிக்கு அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். உங்களில் யாராவது கார்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் தூத்துக்குடியில் நல்ல குடும்பத்துப் பெண்கள் வாடகைக் காரில் போவதென்றால் காரில் இன்னொரு பெண் இருக்க வேண்டும். அப்படியொரு வழக்கம். அந்த இன்னொரு பெண் நான். முன் சீட்டில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், மடியில் கைப்பிள்ளை ரோசலினோடு உட்கார்ந்து போவேன். காரோ பழசு. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் இவர் அதன் முதுகில் பீப்பாய் போல ஒரு கரி அடுப்பை மாட்டிவிட்டார். கரி கனிந்து வருகிற புகைதான் குழாய் வழியாக முன்னால் போய் எஞ்சினை ஓட்டும். ஏற்கெனவே வெக்கை பிடித்த ஊர். முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு அலைகிற கார். சவாரி வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

மீன் வாசம்

முதலில் குளிர்ச்சி கேட்டது துறைமுகத்து ஆபீசர் ஒருவரின் மனைவி. "பட்டணத்தில் கார்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறார்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே முன் ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி வந்தது. அதோடு விட்டாரா? பழைய கார்களில் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். தூக்கினால் கால்மாட்டில் காற்று வரும். அதற்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டை வைத்து அதில் ஐஸ் கட்டியைப் போட்டார். கார் ஓடினால் காற்று ஐஸ் மேல் பட்டுக் குளிர்ந்து வரும் என்பது அவர் கணக்கு. தட்டி நனைப்பதும், ஐஸைச் சாக்கில் சுற்றி உடைப்பதும் யார் வேலை என்று சொல்ல வேண்டுமா?

குளிர்ச்சி வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐஸ், ரயிலில் சீலா மீன் அனுப்புகிறவர்களிடம் வாங்கியது. ஆபீசர் மனைவி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே கடற்கரை வரை வந்தாள். திருப்பத்தில் தட்டிலிருந்த தண்ணீர் தளும்பிப் பின்பக்கம் ஓடி அவள் காலில் போட்டிருந்த சப்பாத்தை நனைத்தது. இறங்கும்போது என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்: "காரைக் குளிர வைக்கச் சொன்னேன், கருவாடு போடச் சொல்லவில்லை."

தோணிக்குச் செய்கிற வைத்தியம்

அடுத்த புகார், குளிர்ச்சி தங்கவில்லை என்பது. இவர் தரையில் படுத்துப் பார்த்தார். கால் பலகைகளின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. "இந்த ஓட்டை வழியாத்தான் வெக்கை ஏறுது" என்று முடிவு கட்டினார். ஓட்டை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். தன் தாய்மாமாவைக் கூட்டி வந்துவிட்டார். மாமா தோணித்துறையில் ஓடாவி; ஆயுசு முழுக்கத் தோணி கட்டியவர். பஞ்சுத் திரியும் உளியும் சுத்தியலும் உருக்கின குங்கிலியமும் கொண்டு வந்து, தோணியின் பலகை இடுக்கை அடைக்கிற மாதிரியே காரின் அடித்தளம் முழுவதையும் இடுக்கு விடாமல் கலப்பத்து அடித்தார். கதவு ஓரங்களுக்குத் துணிச் சுருள். பின் சீட்டு மட்டும் கழற்ற வரவில்லை. அடுப்பை ஒட்டிய அதன் முதுகுப்பக்கத்து இடுக்கை அடைக்காமல் விட்டுவிட்டார்.

அடைத்த அறையில் கரிச்சட்டி வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, அந்தக் காற்று ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே அறைக்குச் சக்கரம் வைத்து, முதுகில் கரிச்சட்டி கட்டி, மிச்சமிருந்த ஓட்டையையும் அடைத்தாயிற்று. அதற்குள் என் பிள்ளை. "மாமா, மூச்சு விட எங்கன இடம் வச்சிருக்கீய?" என்று கேட்டேன். மாமா சுத்தியலைத் துடைத்தபடி காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "ஏளா மருமவளே, இதைக் கொண்டு கொழும்புக்கே போவலாம், ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது!"

சங்கு குளிக்கிறவர்

இவருடைய அண்ணன் சங்கு குளிக்கிறவர், இடுப்பில் கயிற்றோடு கடலுக்குள் மூச்சடக்கி இறங்குகிற ஆள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், நான் கார் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி இவரிடம் மன்றாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார். பிடித்துக்கொண்டது சிரிப்பு. பிறகு என்னைக் கண்ட இடத்திலெல்லாம் மூக்கைப் பொத்தி, கன்னத்தை உப்பிக் காட்டுவார். கோயில் வாசலில்கூட, அதுவும் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில்!

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "உங்களுக்குக் கயித்தை ஆட்டினா மேல தூக்க ஆள் இருக்கு. என் பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன். அவர் தம்பியின் பக்கம் திரும்பி, "ஏலே, இங்கிலீஸ் படிச்சவளக் கட்டாதன்னு அப்பமே சொன்னம்லா" என்றார்.

தலைவலி

அதற்குள் சவாரி வந்தவர்களுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. எல்லோருக்கும் இல்லை, எல்லா நாளும் இல்லை. ஒருத்திக்கு வெயில், ஒருத்திக்குப் பித்தம், ஒருத்திக்குக் கண்ணேறு என்று இவர் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார். நான் வேறு மாதிரி கவனித்தேன். கார் ஓடிக்கொண்டே இருந்த நாட்களில் யாருக்கும் ஒன்றுமில்லை. எங்கேயாவது நின்று காத்திருந்த நாட்களில்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். யோசித்தால் அதுதானே முறை? ஓடும்போது எஞ்சின் அந்தப் புகையை உறிஞ்சிக்கொள்கிறது. நின்றுவிட்டால் அடுப்பு அணைந்துவிடுமா? கரி கனிந்துகொண்டேதான் இருக்கும், புகைக்குப் போக இடமிருக்காது.

சொன்னால் நம்ப மாட்டார்களே என்று, பூசைக்குப் போடுகிற என் வெள்ளை முக்காட்டை நனைத்து, மாமா விட்டுவைத்த அந்தப் பின் சீட்டு முதுகு இடுக்கில் திணித்துவிட்டு, வீட்டு வாசலில் கார் நின்றபடி இருக்கும்போது காத்திருந்தேன். எடுத்தபோது துணியில் கரிக்கோடு. இவரிடம் விரித்துக் காட்டினேன். கண் முன்னால் சாட்சி, கையில் சாட்சி. மனுஷர் துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நல்ல துணியப் பாழாக்கிட்டியேளா."

ஆறுமுகநேரி கேட்

உப்பளத்து அண்ணாச்சி ஒருவரின் மனைவி, தன் மகளோடு திருச்செந்தூருக்குப் போக வண்டி கேட்டு ஆள் அனுப்பினார். நான் வரவில்லை என்றேன். பெண் துணை இல்லாவிட்டால் அவர்கள் ஏற மாட்டார்கள், நல்ல சவாரி போய்விடும் என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளையை விட்டுப் போகலாம் என்றால் பால்குடி. போனேன். என் பக்கத்துத் தட்டியை மட்டும் ஒரு விரல்கடை விலக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். அந்த அம்மாள் பின்னாலிருந்து, "ஏளா, மூடு. வெக்கை வருதுல்லா" என்றாள். மூடினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி விலக்கினேன். மறுபடி, "மூடுன்னு சொன்னம்லா!" இவரும் முறைத்தார். மூடினேன்.

ஆறுமுகநேரியில் ரயில் கேட் அடைத்திருந்தது. ரயில் வருகிற வழியாக இல்லை. இவர் இறங்கிக் கேட்காரரிடம் பேசப் போய்விட்டார். உள்ளே ஐஸும் வெட்டிவேரும் மணக்க, பெண்கள் மூன்று பேரும் பிள்ளையும் ஜம்மென்று அடைபட்டு உட்கார்ந்திருந்தோம். "அம்மா, தலைய என்னமோ செய்யுது" என்று மகள் தாய் தோளில் சாய்ந்தாள். "கோயிலுக்குப் போறோம்லா, சரியாப் போவும்" என்றாள் தாய். அப்போதுதான் ரயில் வந்தது. எங்களுக்கு எதிரிலேயே, காது கிழிகிற மாதிரி ஊதிக்கொண்டு போனது. தும்மினால்கூடத் திடுக்கிட்டு அழுகிற என் ரோசலின் கண் திறக்கவில்லை.

பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கதவை உதைத்துத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. தட்டி பிய்ந்து ரோட்டில் விழுந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் காற்று அடிக்கிற பக்கமாக ஓடினேன். கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், கால் பாதத்தைச் சுண்டினேன், மாதாவைக் கூப்பிட்டேன், இவரைக் கூப்பிட்டேன். பிள்ளை துணி மாதிரிக் கிடந்தது. இவர் ஓடி வந்து நின்றார். நான் மறுபடி பாதத்தைச் சுண்டினேன். உதடு கோணியது. முகம் சிவந்தது. பிறகு பாருங்கள், அந்த உப்பளம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓர் அழுகை. அவள் பிறந்த அன்று அழுததைக்கூட நான் அவ்வளவு ஆசையாகக் கேட்கவில்லை.

பிள்ளையை அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மகள் காருக்கு வெளியே குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி அவள் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் திறந்து கிடந்த கதவைக் காட்டி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒன் பிள்ளை தூங்குனதுக்கு இப்படியா பண்ணுவ? இருந்த குளிர்ச்சியெல்லாம் போச்சே, ஏளா."

உளி

திருச்செந்தூர் வரைக்கும் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் போனோம். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இவர் ஒரு தடவைகூடத் திரும்பி "மூடு" என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் பிள்ளையை இறக்காமல் ஒரு கையில் வைத்துக்கொண்டு, அந்த அடைப்பையெல்லாம் கொத்தி எடுக்க இன்னொரு கையில் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கார் அடியில் ஏற்கெனவே ஒரு ஆள் படுத்திருந்தது. இவர்தான். உளியை வைத்துக் கலப்பத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். பஞ்சும் குங்கிலியமும் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன.

அரிவாள்மணையைத் திண்ணையில் வைத்தேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை, உங்களுக்கும் அடங்கியிருக்காது. "என் முக்காட்டைக் காட்டினேனே, அப்பம் நம்பலையே?" என்றேன். உளிச் சத்தம் நின்றது. காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அப்பம் பிள்ளை அழுதுட்டுல்லா இருந்தா, இன்னைக்கு நீ சுண்டச் சுண்ட அழலியே."

இறங்கும்போது சொன்னது

இப்போது ஐஸ் தட்டு இல்லை. பின் சீட்டின் முதுகைக் கழற்ற வைத்து, தகரம் அடித்து மூடியாயிற்று. கேட்டில் நின்றால் கதவைத் திறந்து எல்லோரையும் இறக்கிவிடுவேன், ஆபீசர் மனைவியானாலும் சரி. மாமா வந்து தன் வேலைப்பாடு போன கோலத்தைப் பார்த்து, தன் உளியைப் பிடுங்கிக்கொண்டு போனார். காயல்பட்டணத்துக்குக் கல்யாணத்துக்குப் போன ஓர் அம்மாள், திறந்த ஜன்னலில் பட்டுச்சேலையெல்லாம் புழுதியாகி இறங்கினாள். பணத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம், "குளுகுளு காருன்னு சொன்னாவளே, அது எந்தக் காரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் காரில் ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் வெக்கை வெக்கை என்று என்னை வாய் ஓயாமல் ஏசுகிறார்கள், ஏசுகிறதற்கு அவர்களுக்கு மூச்சு இருக்கிறதே என்று நானும் நின்று முழுவதையும் கேட்டுக்கொள்கிறேன்.